ஷெரிடன் இலகு டாங்கி: முப்பது ஆண்டுப் பயன்பாட்டில் தேறியதும் தேறாததும்

அமெரிக்கத் தரைப்படையின் எம்551 ஷெரிடன் 1966-இல் உற்பத்திக்கு வந்தது. 1970-இல் உற்பத்தி நின்றபோது 1,500-க்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்திருந்தன. கடைசிப் போர்ப் பிரிவு 1997-இல் கலைக்கப்பட்டது. "எடை குறைந்த டாங்கி, அதனால்தான் தோற்றது" என்று இன்றும் எழுதுகிறார்கள். பயன்பாட்டு வரலாற்றைப் பார்த்தால் அது பாதி உண்மைதான். கோளாறுகளில் பெரும்பகுதி ஒரே ஒரு முடிவிலிருந்து கிளைத்தவை: குண்டையும் ஏவுகணையையும் ஒரே குழலில் சுடுவது.

விமானத்திலிருந்து இறக்க வேண்டும், ஆற்றில் மிதக்க வேண்டும், கனரக டாங்கியையும் உடைக்க வேண்டும் என்பது படையின் தேவை. அன்றைய அதிவேகப் பீரங்கியின் எடையையும், சுடும்போது வண்டியைப் பின்னால் தள்ளும் பின்னுதைப்பையும் 15 டன் வண்டி தாங்காது. எனவே குட்டையான 152 மி.மீ. குழல். கிட்டத்தில் கவசத்தைத் துளைக்கும் குழிவு வெடிகுண்டு, தொலைவில் ஷில்லெலா ஏவுகணை. காகிதத்தில் கணக்கு சரியாகவே வந்தது.

களத்தில் முதலில் இடித்தது பின்னுதைப்பு. ஏறக்குறைய 22 கிலோ குண்டு நொடிக்கு 680 மீட்டர் வேகத்தில் வெளியேறும்போது வண்டியின் முன் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும். அந்த அதிர்ச்சி நேராக ஏவுகணையின் வழிகாட்டு மின்னணுப் பெட்டிகளுக்குப் போகும். சில குண்டுகள் சுட்டபின் ஏவுகணை அமைப்பை நம்ப முடியாது. கூடவே, ஏவுகணை சுழலாமல் நேராக நுழைவதற்காகக் குழலின் உட்சுவரில் ஒரு பள்ளம் வெட்டியிருந்தார்கள். குண்டு சுடச்சுட அந்தப் பள்ளத்தில் விரிசல் விட்டது. பிறகு பள்ளத்தின் ஆழத்தைக் குறைத்து, குழலையே திருத்த வேண்டியதாயிற்று.

தூரக் கணக்கும் உதைத்தது. ஏவுகணை கிளம்பி ஏறக்குறைய 730 மீட்டர் தாண்டிய பிறகே சுடுபவரின் (கன்னர்) அகச்சிவப்பு சமிக்ஞைக்குக் கட்டுப்படும். குண்டோ மெதுவாகப் போவது. 1,000 மீட்டரைத் தாண்டினால் தொலைவுக் கணிப்பில் சின்னப் பிழை போதும், தவறிவிடும். இரண்டும் ஒன்றையொன்று நன்றாக ஈடுகட்ட வேண்டிய இடைத்தூரத்தில்தான் இரண்டுமே பலவீனம்.

மிகப் பெரிய தலைவலி வெடிமருந்துதான். எடையையும் இடத்தையும் மிச்சப்படுத்த, பித்தளை உறைக்குப் பதில் தானே எரிந்துபோகும் உறை வைத்தார்கள். அது ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சினால் உப்பும், உப்பினால் குழலுக்குள் போகாது, போனாலும் முழுதாக எரியாது. கைதவறி இடித்தால் உறை கிழிந்து மருந்துத் துண்டுகள் தளத்தில் சிதறும். இதற்காக ஒவ்வொரு குண்டுக்கும் ரப்பர் பை மாட்டினார்கள். ஏற்றும் நொடி வரை பையைக் கழற்றக் கூடாது; முன்கூட்டியே கழற்றி வைத்தால் ஈரமும் தீப்பொறியும் இரண்டும் ஆபத்து. சுட்ட பிறகு குழலில் கனன்று கிடக்கும் எச்சம் இன்னொரு தொல்லை. முதலில் வைத்த காற்று ஊதும் அமைப்பு, குண்டை ஏற்றும் பின்வாய் திறந்திருக்கும்போது இயங்கியது. கங்கு ஆட்கள் இருக்கும் கூண்டுக்குள்ளேயே வந்துவிடும். மாற்றிய அமைப்பில், பின்வாய் மூடியிருக்கும்போதே அழுத்தக் காற்று குழலை ஊதி எச்சத்தை முன்வாய் வழியே தள்ளும். அதன் பிறகே திறக்கும். பாதுகாப்பு கூடியது. ஆனால் சுடும் வேகம் குறைந்தது.

1969 ஜனவரியில் வியட்நாம் போன வண்டிகளில் ஏவுகணைக் கருவி இல்லை. அங்கே எதிரி டாங்கிகள் அரிது என்பதால் அது சரியான முடிவு. ஏறக்குறைய பத்தாயிரம் எஃகு அம்புகளை வாரி இறைக்கும் சிதறுகுண்டு, பதுங்கித் தாக்கும் காலாட்படையை நிறுத்தியது; வண்டி நல்ல பெயர் வாங்கியது இதில்தான். கனமான எம்48 டாங்கி புதைகிற சேற்று வயலிலும் இது நகர்ந்தது. காட்டை உடைத்துக்கொண்டு போக மட்டும் எடை பற்றவில்லை. 300 குதிரைத்திறன் டீசல் எஞ்சினும் அந்த வெக்கையில் சூடேறித் தொல்லை கொடுத்தது.

உயிர் போனது கண்ணிவெடியில். அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே ஒரு கண்ணிவெடி அலுமினிய அடித்தளத்தைக் கிழிக்க, உள்ளிருந்த குண்டுகளின் உறை தீப்பற்றி வண்டி முழுதும் எரிந்தது. எம்48 என்றால் சக்கரமும் சங்கிலியும் மட்டும்தான் போயிருக்கும். பின்னர் முன்பாதி அடியில் கூடுதல் கவசம் பூட்டினார்கள். ஆனாலும் ஆட்கள் வண்டிக்குள் உட்காராமல் மேலேயே உட்கார்ந்து போனார்கள். மெல்லிய தகட்டைக்கூடச் சமாளித்திருக்கலாம். அதனுள் எளிதில் தீப்பற்றும் உறையைத் திறந்த அடுக்கில் வைத்தது மன்னிக்க முடியாத வடிவமைப்பு.

இதையெல்லாம் மீறி 82-ஆவது வான்வழிப் பிரிவு இதை விடாமல் வைத்திருந்ததற்குக் காரணம், வானிலிருந்து இறக்க வேறு டாங்கி இல்லை. மேடையில் வண்டியைக் கட்டி, அடியில் தேன்கூடு போன்ற காகித அட்டை அடுக்குவார்கள். தரையில் மோதும்போது அட்டை நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். 1989 டிசம்பரில் பனாமாவில் இப்படி இறக்கிப் போரிட்டார்கள். 1990 ஆகஸ்டில் சவுதி பாலைவனத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்த கவச வண்டிகளில் இதுவும் ஒன்று. எம்60ஏ3 டாங்கியிலிருந்து எடுத்த வெப்பப் பார்வைக் கருவியைப் பொருத்தியது, முப்பது ஆண்டில் செய்த மேம்பாடுகளில் மிகப் பயனுள்ளது. சாதாரண பாகம்; ஆனால் இரவில் கண் கிடைத்தது.

மாற்றாக வந்திருக்க வேண்டிய எம்8 இலகு டாங்கித் திட்டம் 1990-களில் கைவிடப்பட்டது. பின்னால் வந்த எம்10 புக்கர் ஏறக்குறைய 38 டன்னாக வளர்ந்து, பாராசூட்டில் இறக்க முடியாததாகி, 2025-இல் நிறுத்தப்பட்டது.

ஆவடியின் போர் ஊர்தி ஆய்வு நிறுவனமும் எல் அண்ட் டி-யும் சேர்ந்து உருவாக்கிய இந்தியாவின் இலகு டாங்கி ஜோராவர் 25 டன். 105 மி.மீ. பீரங்கி தனி, ஏவுகணை டரட்டின் (பீரங்கி பொருத்திய சுழலும் கூண்டின்) பக்கவாட்டுப் பெட்டியில் தனி. ஷெரிடனைப் படுத்திய அடிப்படைச் சிக்கல் இதில் பிறவியிலேயே இல்லை. இனி நீண்டகாலப் பயன்பாட்டில் பார்க்க வேண்டியவை வேறு: லடாக்கின் மெல்லிய காற்றில் எஞ்சின் இழக்கும் சக்தி, தொடர்ந்து சுட்டபின் பார்வைக் கருவிகள் குழலோடு நேராக நிற்கும் நேர்ப்பாடு, குண்டு அடுக்கு தீப்பிடித்தால் ஆட்களுக்குக் கிடைக்கும் நொடிகள். மூன்றையும் கோடையிலும் குளிர்காலத்திலும், முழுக் குண்டு ஏற்றிய வண்டியில் சோதிக்க வேண்டும். காலி வண்டியின் சோதனை முடிவு எதையும் சொல்லாது.