கடவுச்சீட்டா, சிற்றிசன் காட்டா, சான்றிதழா: துணையை ஸ்பொன்சர் செய்யும்போது எதைக் காட்டுவது?

அம்மா வீட்டுச் சாமியறைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பெரிய பத்திரம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. 1997இல் நாங்கள் குடும்பமாகக் கனேடியக் குடியுரிமை பெற்ற அன்று என் பெயருக்குத் தந்தது. 2024 ஆவணியில் என் கணவரை ஸ்பொன்சர் செய்ய, அதாவது ஊரிலிருந்து நிரந்தரமாகக் கனடாவுக்குக் கூப்பிட, விண்ணப்பம் போட்டபோது, நான் கனேடியக் குடிமகள் என்பதற்கு ஆதாரமாக அதைத்தான் சட்டத்திலிருந்து கழற்றி, ஸ்கான் செய்து ஏற்றினேன். படிவம் நிரப்ப உதவியவரும் "இது காணும், தங்கச்சி" என்றார். மூன்று மாதம் கழித்து முழு விண்ணப்பமும் திரும்பி வந்தது. குடியுரிமைக்கான ஆதாரம் இணைக்கப்படவில்லையாம்.

நான் ஏற்றியது ஆதாரமே இல்லை என்பதை அப்போதுதான் அறிந்தேன். 1977க்கும் 2012க்கும் இடையில் குடியுரிமை பெற்றவர்களுக்கு இரண்டு பொருட்கள் கொடுத்தார்கள். ஒன்று, பணப்பைக்குள் வைக்கிற அளவில் படம் போட்ட சின்னக் காட், அதாவது சிற்றிசன் காட் என்கிற குடியுரிமை அட்டை. மற்றது, சட்டம் போட்டு மாட்டும்படியான பெரிய பத்திரம். சட்டப்படி ஆதாரம் அந்தச் சின்னக் காட்தான். பெரியது வெறும் நினைவுப் பத்திரம். 2012 பெப்ரவரி 1 முதல் காட் கொடுப்பதை நிறுத்திவிட்டு, கடிதத்தாள் அளவிலான சான்றிதழ் ஒன்றைக் கொடுக்கத் தொடங்கினார்கள். இது நினைவுப் பத்திரம் அல்ல, முழுமையான ஆதாரம். ஆகவே வீட்டில் ஒரு தாள் இருக்கிறதென்றால் முதலில் பார்க்கவேண்டியது அதன் திகதியை.

இனி ஒப்பீட்டுக்கு வருகிறேன். ஸ்பொன்சர் செய்பவர் கனேடியக் குடிமகனோ குடிமகளோ என்றால் கடவுச்சீட்டு, பழைய சிற்றிசன் காட், புதிய குடியுரிமைச் சான்றிதழ், கனடாவில் பிறந்தவராயின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றில் ஒன்றின் பிரதி போதும். நாலையும் ஏற்றத் தேவையில்லை. என் தெரிவு கடவுச்சீட்டு. இரண்டாம் முறை அதைத்தான் வைத்தேன். இவர் இப்போது என்னோடு ஸ்காபரோவில் இருக்கிறார்.

ஏன் கடவுச்சீட்டு? படம் இருக்கிறது, இன்றைய பெயர் இருக்கிறது, ஒரே பக்கத்தில் எல்லாம் தெரிகிறது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த காரணங்கள். எனக்கு அவை முக்கியமில்லை. நான் பார்த்தது ஒன்றே ஒன்று: இது கையில் இல்லாமல் போனால் எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும்?

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் பிழைவிட்டது இந்த இடத்தில்தான். 2014இல் எடுத்த என் பத்து வருடக் கடவுச்சீட்டு 2024 புரட்டாதியோடு முடிய இருந்தது. தை மாதம் யாழ்ப்பாணத்தில் கலியாணம் முடித்துத் திரும்பிய பிறகு, அதைப் புதுப்பிக்கத் தபாலில் அனுப்பிவிட்டேன். அனுப்ப முன் ஒழுங்காக ஸ்கான் செய்து வைக்கவில்லை. போனில் எடுத்த ஒரு படம் மட்டும் இருந்தது. அதில் மேசை விளக்கின் வெளிச்சம் சரியாக இலக்கத்தின் மேல் விழுந்து, பாதி எழுத்து தெரியவில்லை. புதியது வரும்வரை பொறுக்க மனமில்லை. அங்கே ஒருவர் தினமும் இரவில் போனில் "போட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது மூன்று கிழமை என்பது மூன்று வருடம் போலத்தான் இருக்கும். அதனால்தான் சுவரில் இருந்த பத்திரத்தில் கை வைத்தேன். புதிய கடவுச்சீட்டு அடுத்த மாதமே தபாலில் வந்துவிட்டது. அந்த மூன்று கிழமையைப் பொறுத்திருந்தால் மூன்று மாதம் வீணாகியிராது.

கடவுச்சீட்டு அலுவலகத்துக்கு நேரில் போனால் பத்து வேலை நாட்கள், தபாலில் அனுப்பினால் இருபது வேலை நாட்கள் என்பது அவர்கள் வைத்திருக்கும் பொதுவான கணக்கு. அவசரமென்றால் கூடுதல் கட்டணம் கட்டி அதற்கும் முன்னரே எடுக்கலாம். பெரியவர்களுக்கான பத்து வருடக் கடவுச்சீட்டுக்குக் கட்டணம் 160 டொலரைச் சற்றுத் தாண்டும். இதைவிடப் பெரிய வசதி, முந்திய கடவுச்சீட்டு கடந்த 15 வருடத்துக்குள் எடுத்ததாக இருந்தால் எளிய முறையில் புதுப்பிக்கலாம். குடியுரிமைச் சான்றைத் திரும்பக் காட்டவேண்டியதில்லை, உங்கள் அடையாளத்துக்கு உத்தரவாதம் தருபவரும் தேவையில்லை, உங்களைத் தெரிந்த இருவரின் விவரம் போதும். அதாவது, சிற்றிசன் காட் எங்கே போனதென்று தெரியாதவர்கூடப் பழைய கடவுச்சீட்டை வைத்துப் புதியதை எடுத்து, அதையே ஸ்பொன்சர் விண்ணப்பத்துக்கு ஆதாரமாக வைத்துவிடலாம்.

இந்த வேகம் ஏன் அவ்வளவு முக்கியம்? குறை விண்ணப்பத்தைக் குடிவரவுத் திணைக்களத்தார் வரிசையில் வைத்திருப்பதில்லை, திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். திரும்பப் போட்டால் புதிய விண்ணப்பம், புதிய திகதி. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லாததால் இழந்தது காலம் மட்டும்தான். துணைக்கு முந்திய கலியாணத்தில் பிள்ளை இருந்து, அதையும் சேர்த்துக் கூப்பிடுகிறவர்கள் கவனமாக இருக்கவேண்டும். பிள்ளை 22 வயதுக்கு உட்பட்டதா என்பதை முழுமையான விண்ணப்பம் போய்ச் சேர்ந்த திகதியை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். இருபத்தொன்றரை வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில், திரும்பி வந்த ஒரு விண்ணப்பம் அந்தப் பிள்ளையை ஊரிலேயே விட்டுவிடும்.

கடவுச்சீட்டில் இன்னொரு பயனும் உண்டு. கலியாணத்துக்கும் அதற்கு முன்பும் போய்வந்த முத்திரைகள் அதில்தான் இருக்கின்றன. உறவு உண்மையானது என்று காட்ட விமானச் சீட்டுகள், படங்களோடு அந்தப் பக்கங்களும் உதவின. புதுப்பிக்கக் கொடுக்க முன் முகப்புப் பக்கம் மட்டுமல்ல, முத்திரை விழுந்த ஒவ்வொரு பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் ஸ்கான் செய்துவிடுங்கள்.

ஒரு குறையும் சொல்லவேண்டும். எப்போது குடியுரிமை பெற்றீர்கள் என்று கடவுச்சீட்டு சொல்லாது. அந்தத் திகதி தேவைப்பட்டால் காட்டையோ சான்றிதழையோதான் பார்க்கவேண்டும். துணையால் ஸ்பொன்சர் செய்யப்பட்டுக் கனடாவுக்கு வந்தவர்கள், தாங்கள் நிரந்தர வதிவுரிமை பெற்று ஐந்து வருடம் ஆகமுன் இன்னொரு துணையை ஸ்பொன்சர் செய்ய முடியாது. இடையில் குடியுரிமை எடுத்திருந்தாலும் இதேதான். அப்படியானவர்கள் வதிவுரிமை கிடைத்த திகதிக்கான பத்திரத்தையும் தேடி வைத்துக்கொள்வது நல்லது.

இனிச் சிற்றிசன் காட். என்னுடையது பிறகு கிடைத்தது. அம்மா அதை நகைப் பெட்டிக்குள், தன்னுடைய தாலிக்கொடியைச் சுற்றியிருந்த துணிக்குக் கீழே வைத்திருந்தா. இரட்டைப் பின்னலும் வெள்ளைச் சட்டையுமாக ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று கமெராவைப் பயந்து பார்க்கிறது. ஓரங்கள் மஞ்சளாகிவிட்டன. அந்தக் காட் இன்றும் செல்லும். அதற்குக் காலாவதித் திகதி இல்லை, சின்ன வயதுப் படம் என்பதற்காக அது ஆதாரம் இல்லாமல் போகாது. காட் கையில் இருந்து, எழுத்து தெளிவாகத் தெரிந்தால், அதை வைப்பதில் எந்தத் தவறும் இல்லை. இரண்டு பக்கத்தையும் ஸ்கான் செய்து ஒரே கோப்பாக ஏற்றவேண்டும். முன்பக்கம் மட்டும் ஏற்றினால் பாதி ஆதாரம்தான்.

ஆனாலும் எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. தொலைந்தாலோ எழுத்து அழிந்தாலோ, திரும்ப ஒரு காட் தரமாட்டார்கள், சான்றிதழ்தான் தருவார்கள். அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் காத்திருப்பு. தெளிவான பிரதி வேண்டுமென்று அதிகாரி கேட்டு எழுதினால், கொடுத்த தவணைக்குள் பதில் போகவேண்டும். அந்த நேரத்தில் மஞ்சள் பூத்த காட் ஒன்றை நம்பியிருக்க எனக்குத் துணிவில்லை.

புதிய குடியுரிமைச் சான்றிதழைப் பொறுத்தவரை என் சொந்த அனுபவம் கிடையாது. என் மச்சாள் எடுத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்ததுதான். காட் தொலைந்து, கடவுச்சீட்டும் ஒருபோதும் எடுத்திராததால் அவவுக்கு வேறு வழி இருக்கவில்லை. கட்டணம் 75 டொலர், கடவுச்சீட்டின் பாதிக்கும் குறைவு. காலாவதி இல்லை. இப்போது தாளாகவும் எடுக்கலாம், மின்வடிவிலும் எடுக்கலாம். மின்வடிவம் என்றால் ஸ்கான் செய்கிற வேலையும் மிச்சம். பெயர், பிறந்த திகதி, குடியுரிமை தொடங்கிய திகதி எல்லாம் அதில் இருக்கும், படம் மட்டும் இருக்காது. ஆதாரம் என்ற வகையில் நாலிலும் உறுதியானது இதுதான் என்பேன். காட்டோ கனேடியப் பிறப்புச் சான்றிதழோ இல்லாதவர் கடவுச்சீட்டை முதன்முதலில் எடுக்கவே இது வேண்டும். ஆனால் அவ காத்திருந்தது மாதக் கணக்கில். அதை வைத்துக்கொண்டு விமானம் ஏறவும் முடியாது. துணை ஊரில் இருக்கும்போது இடையில் ஒருமுறையாவது போய்ப் பார்க்க மனம் கேட்கும். அதற்கு எப்படியும் கடவுச்சீட்டு வேண்டும் என்றால், இரண்டுக்கும் பயன்படுகிற ஒன்றை எடுப்பதுதான் எனக்குச் சரியாகப் பட்டது.

கனடாவில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு மாகாணம் தந்த பிறப்புச் சான்றிதழே போதும். கியூபெக்கில் பிறந்தவர்கள் மட்டும் கவனிக்கவேண்டும். 1994 ஜனவரி 1க்கு முன் தேவாலயமோ நகரசபையோ கொடுத்த பழைய பத்திரங்கள் செல்லாது, மாகாணப் பதிவாளரிடம் புதியது எடுக்கவேண்டும். கனேடியப் பெற்றோருக்கு வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு அந்த நாட்டுப் பிறப்புச் சான்றிதழ் உதவாது. அவர்கள் குடியுரிமைச் சான்றிதழில்தான் தொடங்கவேண்டும்.

எதை வைத்தாலும் பெயர்ச் சிக்கல் ஒன்று இருக்கிறது. நம்மவர்களுக்கு அது கூடுதலாகவே வரும். யாழ்ப்பாணத்தில் எங்கள் விவாகப் பதிவுச் சான்றிதழ் தமிழில் எழுதப்பட்டது. தகப்பன் பெயர் முதலில், என் பெயர் பிறகு. கனேடியக் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகக் கடைசியில் நிற்கிறது. மொழிபெயர்ப்பாளர் முதலில் தந்த ஆங்கிலப் பிரதியில், அப்பாவின் பெயரில் வரும் 'வ'வுக்கு 'டபிள்யூ' போட்டிருந்தார். என் கடவுச்சீட்டில் இருப்பது 'வி'. அப்படியே அனுப்பியிருந்தால் குடியுரிமை ஆதாரத்தில் ஒருத்தி, கலியாணப் பத்திரத்தில் இன்னொருத்தி என்று நின்றிருக்கும். முகப்புப் பக்கத்தின் பிரதியை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதிலுள்ள எழுத்துப்படி போடுங்கோ ஐயா" என்று கேட்டதும் அடுத்த நாளே திருத்தித் தந்தார். மொழிபெயர்ப்புக்குக் கொடுக்கும்போதே அந்தப் பக்கத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் இந்த அலைச்சல் இல்லை.

கலியாணத்துக்குப் பிறகு கடவுச்சீட்டில் கணவரின் பெயரைச் சேர்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு சொல். விவாகச் சான்றிதழைக் காட்டி மாற்றலாம், தடையில்லை. ஆனால் விண்ணப்பம் ஓடிக்கொண்டிருக்கும்போது நான் மாற்றமாட்டேன். படிவங்களில் எழுதிய பெயரும் கையிலிருக்கும் கடவுச்சீட்டும் வேறு வேறாகி, விளக்கக் கடிதம் எழுதவேண்டி வரும். அவர் வந்து இறங்கிய பிறகு ஆறுதலாக மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது ஒன்றுமே தயாராக இல்லாதவர்களுக்கு: ஊருக்குச் சீட்டுப் போட முன் கடவுச்சீட்டின் காலாவதித் திகதியைப் பாருங்கள். ஒரு வருடத்துக்குக் குறைவாக இருந்தால், கலியாணத்துக்கு முன்னரே புதுப்பித்துவிடுங்கள். பழைய கடவுச்சீட்டும் இல்லை, காட்டும் இல்லை என்றால், சான்றிதழுக்கான விண்ணப்பத்தைக் கலியாணப் பேச்சு முற்றாகிய கிழமையே போடுங்கள். கலியாணம் முடிந்து, படங்கள் சேர்த்து, மொழிபெயர்ப்பு வந்து, படிவங்கள் நிரம்புவதற்குள் அது வந்துசேர இடம் இருக்கும்.