மறையூர்ப் பக்கம் ‘மீன்பிடி பெர்மிட்’ வாங்குமுன்

ஆடி நெருங்கினால் உடுமலை, பொள்ளாச்சி, திருப்பூர் தூண்டில்காரர்களின் வாட்ஸ்ஆப் குழுக்களில், கேரள எல்லைக்குள் இருக்கும் மறையூரைச் சொல்லி ஒரு விளம்பரம் சுற்ற ஆரம்பிக்கும். ‘மறையூர் பாம்பாற்றில் ட்ரவுட், பூமீன் கெண்டை. பெர்மிட், ஜீப், சாப்பாடு சேர்த்துத் தலைக்கு 3,500.’ போன வருசம் இதை நம்பி நாலு பையன்கள் 14,000 ரூபாயை முன்பணமாகவே அனுப்பிவிட்டார்கள். ஏஜென்ட் ஆற்றோரம் இறக்கிவிட்டு, நாலு மணிக்கு ஜீப் வரும் என்று சொல்லிப் போனார். அதற்கு முன்பே வந்தது வனத்துறை. ‘பெர்மிட்’ என்று இவர்கள் நீட்டியது தூவானம் அருவிக்கு நடந்து போகிற ட்ரெக்கிங் சீட்டு. தூண்டில், ரீல், பை எல்லாம் பறிமுதல். ஏஜென்டின் போன் அன்று மாலையிலிருந்து சுவிட்ச் ஆஃப்.

மறையூர் வெல்லத்துக்கே போலி வருகிற பக்கம் இது, பெர்மிட்டுக்கு வராதா? ஆனால் இந்தப் போலியைக் கண்டுபிடிக்க விளம்பரத்தை ஒருமுறை நிதானமாகப் படித்தாலே போதும்.

முதல் பொய் ட்ரவுட். இந்த மலைகளில் உள்ளது ரெயின்போ ட்ரவுட். வட அமெரிக்காவின் மேற்குப் பக்கத்து மீன். வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் கொண்டுவந்து மூணாறு, ராஜமலை உச்சி ஓடைகளில் விட்டது. தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் சூடானால் அதற்கு ஆகாது. மறையூர் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம்தான். பக்கத்துச் சின்னார் வன உயிரினச் சரணாலயம் அதற்கும் கீழே, முள்ளுக்காடு. அந்தத் தண்ணீரில் ட்ரவுட் பிடித்துத் தருகிறேன் என்பவர் ட்ரவுட்டைப் பார்த்தே இருக்கமாட்டார்.

பூமீன் கெண்டை, அதாவது மஹசீர், நிஜமாகவே உண்டு. அதுதான் பெரிய சிக்கல். கேரளத்தில் கிழக்கே ஓடும் மூன்று ஆறுகளில் பாம்பாறு ஒன்று. அமராவதி வழியாகக் காவிரியைச் சேர்கிறது. 2007இல் இந்த ஆற்று மீனை வைத்துத்தான் ‘டோர் ரேமாதேவி’ என்ற இனத்தை அறிவியலாளர்கள் விவரித்தார்கள். காவிரியின் புகழ்பெற்ற கூனல் முதுகுப் பெருங்கெண்டையும் இதுவும் ஒன்றே என்பது 2018இல் உறுதியானது. அதே ஆண்டு உலகச் சிவப்புப் பட்டியலில் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக ஏறியது. செம்மஞ்சள் துடுப்பு, தலைக்குப் பின்னால் எழும்பிய முதுகு: பார்த்தால் மறக்காது. காவிரியில் இதை ஓரங்கட்டியதே வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்புக் கெண்டைதான். ‘குஞ்சு விட்டால் சரியாகிவிடும்’ என்று பேசுகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இனி, ஏன் ஆடி? சின்னார் மழை மறைவுப் பகுதி. அங்கே நல்ல மழை ஐப்பசியில்தான். ஆடியில் கரையில் வெயில் காயும், ஆனமுடிச் சரிவில் பெய்த மழை ஆற்றில் செவ்வெள்ளமாக இறங்கும். அந்தப் புதுவெள்ளத்தை எதிர்த்துத்தான் சினை மீன்கள் கசத்தை, அதாவது ஆழமான மடுவை, விட்டு மேலே ஏறும். ஓடுகிற தண்ணீரில் கூழாங்கல் படுகை பார்த்து முட்டை இடும். முட்டை பெரியது, எண்ணிக்கை குறைவு. பொரிக்க மூன்று நாலு நாள் ஆகும். ஏறுமீன் எச்சரிக்கை குறைந்து, ஒடுக்கமான இடங்களில் கூட்டமாக நிற்கும். ஏஜென்ட் ‘மீன் நிச்சயம்’ என்று சத்தியம் செய்வது இந்தத் தைரியத்தில்தான். வெயிலைப் பார்த்து ஆற்றில் இறங்குகிறவரை வெள்ளம் அடித்துப் போவதும் இந்த மாதத்தில்தான்.

‘பிடித்துவிட்டு விட்டுவிடலாம் சார், தப்பில்லை’ என்பார்கள். தப்புத்தான். ஏறி ஏறிக் களைத்த மீனைப் போராட விட்டு, வெளியே தூக்கிப் போட்டோ எடுத்தால் பாதிச் சினை மணலில் கொட்டும். உலர்ந்த கை பட்டால் மேல்தோல் வழுவழுப்புப் போய்ப் பூஞ்சை பிடிக்கும். அதைவிட, படுகையில் நடக்கிற நாலு ஜோடி செருப்பு நசுக்கும் முட்டைக்குக் கணக்கே இல்லை.

மலையாளத்தில் ஊத்த பிடித்தம் என்பார்கள், இந்த ஏறுமீன் பிடிப்பதை. கேரள உள்நாட்டு மீன்வளச் சட்டம் (2010) இதைத் தடை செய்கிறது. சரணாலயத்துக்குள் என்றால் 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டமும் சேரும். அக்கரை தமிழ்நாடு என்று தாண்டினாலும் அது ஆனைமலைப் புலிகள் காப்பகம். தோட்டாவும் விஷமும் 1897ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே குற்றம். அதற்கு மாதம், எல்லை எதுவும் கிடையாது.

எந்த மீன்பிடி அனுமதிச் சீட்டிலும் ஆறு விசயம் அச்சிட்டிருக்க வேண்டும்: எந்த நீர்நிலை, எங்கிருந்து எங்கே வரை, எந்தத் தேதி, எத்தனை தூண்டில், யார் பெயரில், கொடுத்த அலுவலகத்தின் முத்திரை. ‘நுழைவு’, ‘ட்ரெக்கிங்’, ‘வாகனம்’ என்று இருந்தால் அது மீன்பிடி அனுமதி அல்ல. பணம் தனியார் நம்பருக்குப் போகிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

அனுமதி உள்ள வேறு தண்ணீரில் தற்செயலாகச் சினைக்கெண்டை மாட்டினால்: வயிறு மெத்தென்று, கழிவுத்துளை சிவந்து வீங்கியிருக்கும். கரைக்கு இழுக்காதீர்கள். கையை நனைத்து, மீன் தண்ணீரிலேயே இருக்க, குறடால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். ஆழமாக விழுங்கியிருந்தால் வாயருகே தூண்டில் நரம்பை வெட்டிவிடுங்கள், முள்ளைத் தோண்ட வேண்டாம். தலை நீரோட்டத்தைப் பார்க்கத் தாங்கிப் பிடித்தால், அதுவாகவே உதறிப் போகும்.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் முதல் சில மணி நேரத்துக்குள் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். தாமதித்தால் பணம் அடுத்த கணக்குக்குப் போய்விடும். விளம்பரம், குரல் செய்தி, பணம் போன யுபிஐ ஐடி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கோபத்தில் அந்த ட்ரெக்கிங் சீட்டைக் கிழித்துவிடாதீர்கள். மீன்பிடி பெர்மிட் என்று சொல்லி எதைக் கொடுத்தார் என்பதற்கு அதுதான் சாட்சி.