லின்ச் பாஜ் 2022: ராயபுரத்து வெக்கையில் ஒரு போயாக்

பிரான்ஸின் போர்தோ பகுதிச் சிவப்பு ஒயினான ஷாத்தோ லின்ச் பாஜ் 2022-ஐத் திறக்க நினைப்பவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: நாக்கில் படப்போவது எந்த ஊர்ச் சூடு? 2022 கோடை போர்தோவையே வறுத்தெடுத்தது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் அடுத்தடுத்து அனல் அலை, மழையும் குறைவு. அந்தச் சூடு பழத்துக்குள் போய்விட்டது; அது ஒயினின் குணம். கப்பலிலோ கிடங்கிலோ கார் டிக்கியிலோ பாட்டில் வெந்திருந்தால் அது கேடு. ராயபுரத்து வீட்டில் மே மாத மாலை, 33 டிகிரியில் அப்படியே ஊற்றிக் குடித்தால் வருவது மூன்றாவது சூடு. மூன்றையும் பிரிக்காமல் "வெயில் வருஷத்துச் சரக்கு, அதான் இப்படி" என்று ஒயின்மேல் பழி போடுவது அநியாயம்.

ஒயினைப் பற்றிச் சுருக்கமாக. ஜிரோந்த் முகத்துவாரத்தின் இடது கரையில் இருக்கிறது போயாக்; கூழாங்கல் மண். லஃபீத், லத்தூர், மூத்தோன் என்ற பேர்போன பண்ணைகள் மூன்றும் இங்கேதான். போர்தோ பண்ணைகளை ஐந்து படியாகப் பிரித்த 1855 தரவரிசையில் லின்ச் பாஜ் ஐந்தாம் படி, ஆனால் மேல்படிக்காரர்கள் பலரோடு சமமாக வைத்துப் பேசப்படுவது. 1939-லிருந்து காஸ் குடும்பத்தின் சொத்து. கபர்னே சோவின்யோன் திராட்சைதான் பெரும்பங்கு. மெர்லோ, கபர்னே ஃப்ராங், பெத்தி வெர்தோ துணைக்கு. ஒன்றரை ஆண்டளவு ஓக் பீப்பாயில் கிடந்து வருகிறது.

நிறம் கருஞ்சிவப்பு. வெள்ளைத் தாள்மேல் கிளாஸைச் சாய்த்துப் பார்த்தால் விளிம்பு வரை ஊதா. திறந்த முதல் அரை மணிக்கு மூக்கில் ஏறுவதெல்லாம் ஓக்தான்: வறுத்த காப்பிக்கொட்டை, புதிதாய் இழைத்த மரம். பழம் உள்ளே ஒளிந்திருக்கும். இரண்டு மணி நேரம் காற்றுப் பட்ட பிறகு பிளாக் கரண்ட் பழம், நாவல்பழம், பென்சில் சீவும்போது வரும் மணம், ஓரத்தில் கொஞ்சம் புதினா. வாயில் வைத்ததும் பழம் கனமாக இறங்குகிறது, கிட்டத்தட்ட இனிப்பு என்றே தோன்றும். சர்க்கரை கிடையாது, பழுத்த பழத்தின் வேலை அது. பிறகு துவர்ப்பு. முதலில் மேல் ஈறைப் பிடிக்கும், அப்புறம் கன்னத்தின் உட்புறம் முழுக்கப் பரவும். நாவல்பழம் தின்ற நாக்குக்கு இந்தப் பிடி பழக்கமானதுதான். இந்தத் துவர்ப்பில் கசப்போ சொரசொரப்போ இல்லை, மாவு போல் நைசாக இருக்கிறது. 2022-இன் சாதனையே அதுதான். சின்னப் பழம், தடித்த தோல். சாறு இறக்கும்போது அழுத்திப் பிழிந்திருந்தால் முரட்டு ஒயின் ஆகியிருக்கும்.

அனல் ஆண்டு என்றால் 2003 நினைவுக்கு வரும். அந்த ஆண்டுச் சரக்கில் பல சீக்கிரமே காய்ந்து, கிண்டிய ஜாம் போல ஆகிவிட்டன. 2022 அப்படி இல்லை. விழுங்கிய பின் நாக்கின் இரு ஓரத்திலும் எச்சில் ஊறுகிறது, அதாவது புளிப்பு உயிரோடு இருக்கிறது. குறை என்று சொன்னால், ஓக் இன்னும் பழத்தோடு சேரவில்லை. ஆல்கஹாலும் 14 சதவீதத்தை ஒட்டி, தொண்டையில் லேசாகத் தெரிகிறது. பழைய தலைமுறை போர்தோவின் 12.5-க்குப் பழகியவர்களுக்கு இது கனம்தான்.

இப்போது கேடு பார்க்கும் விதம். மேலுறையை வெட்டுவதற்கு முன் விரலால் தடவிப் பாருங்கள். கார்க் அரை மில்லிமீட்டராவது மேலே தள்ளியிருந்தாலோ, உறைக்கடியில் பிசுபிசுப்பு இருந்தாலோ பாட்டில் எங்கோ சூடுபட்டு, ஒயின் விரிந்து கசிந்திருக்கிறது. கிளாஸில் விளிம்பு இந்த வயதிலேயே செங்கல் நிறத்துக்குத் திரும்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம். வாசனையில் புதுப் பழம் போய், உலர்திராட்சை, அடிப்பிடித்த ஜாம். விழுங்கியதும் சுவை சட்டென்று அறுந்துவிடும். வெயில் ஆண்டின் பழுத்த சுவைக்கு இப்படி அறுந்து போகும் குணம் கிடையாது, நல்ல பாட்டிலில் முக்கால் நிமிடமாவது தங்கும். மூன்றாவது சூட்டைச் சோதிப்பது இன்னும் சுலபம். மூக்கில் ஸ்பிரிட் நெடி குத்தினால் கிளாஸைப் பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். நெடி அடங்கினால் குற்றம் அறையுடையது.

குடிக்க வேண்டிய வெப்பம் 16 முதல் 18 டிகிரி. "ரூம் டெம்பரேச்சர்" என்று ஐரோப்பியப் புத்தகங்கள் சொல்வது அவர்கள் அறையை, தண்டையார்பேட்டை மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையை அல்ல. 32 டிகிரியில் இருக்கும் பாட்டில் ஃப்ரிட்ஜில் 17-க்கு இறங்க ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். பாதி ஐஸ், பாதி தண்ணீர் உள்ள வாளியில் கழுத்து வரை மூழ்க வைத்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். வெறும் ஐஸ் கட்டி மட்டும் போட்டால் மெதுவாகத்தான் குளிரும், கண்ணாடியில் முழுதாகப் படுவது தண்ணீர்தான்.

சிக்கல் டிகான்டரில், அதாவது ஒயினைக் காற்றாட ஊற்றி வைக்கும் கண்ணாடிக் குடுவையில், வருகிறது. இந்த ஒயினுக்கு இரண்டு மூன்று மணி நேரக் காற்று அவசியம். ஏசி இல்லாத அறையில் அகன்ற டிகான்டரில் அவ்வளவு நேரம் வைத்தால் மீண்டும் 32. வழி இதுதான்: பெரிய கண்ணாடி ஜக்கில் முழுதாக ஊற்றுங்கள், பாட்டிலைக் கேன் தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வடியவிடுங்கள், ஒயினைப் புனல் வைத்து மறுபடி பாட்டிலுக்குள் ஊற்றி, கார்க்கைத் தளர்வாகச் செருகி ஃப்ரிட்ஜில் நிறுத்துங்கள். குடிப்பதற்கு அரை மணி முன்பு வெளியே எடுத்தால் சரியாக இருக்கும். கிளாஸையும் கேன் தண்ணீரில் ஒருமுறை அலசுவது நல்லது. போர் தண்ணீரின் உப்புப் படிவமும் சோப்பு வாசனையும் இந்த விலைக்குத் தகாது. கார்க் நீளம் சுமார் ஐந்து சென்டிமீட்டர், குட்டைத் திருகாணி அடிவரை எட்டாமல் பாதியில் முறித்துவிடும்.

சாப்பாட்டில் காசிமேட்டு வஞ்சிரத்தை மறந்துவிடுங்கள். சிவப்பு ஒயினில் உள்ள இரும்புச் சத்து மீன் கொழுப்போடு சேர்ந்தால் வாயெல்லாம் தகரம். பர்மா அத்தோ நூடுல்ஸும் வேண்டாம், அதன் மிளகாய்த்தூள் துவர்ப்பைக் கசப்பாக்கிவிடும். வியாசர்பாடி பக்கம் கிடைக்கும் பீஃப் ஃப்ரை அருமையான பண்டம், ஆனால் அந்தச் சிவப்பு மசாலாக் காரத்தில் ஆல்கஹால் தீயாய் எரியும். போயாக் ஊரே ஆட்டுக்குட்டி இறைச்சிக்குப் பேர்போனது, அதே வழியில் போகலாம். கறிக்கடையில் "அண்ணா, தொடைக்கறி அரைக் கிலோ, கொஞ்சம் கொழுப்போட குடுங்க" என்று கேட்டு வாங்கி, பூண்டு, உப்பு, நெய், ஒரு டீஸ்பூன் மிளகு மட்டும் போட்டு நிதானமாக வறுத்தால் துவர்ப்பு கொழுப்பில் கரைந்து பழம் முன்னால் வரும். கறி சாப்பிடாதவர்களுக்கு முற்றிய செடார் சீஸும் நெய்யில் வதக்கிய காளானும்.

ஐரோப்பியக் கடையிலேயே 100 யூரோவைத் தாண்டும் பாட்டில் இது. இங்கே பல ஆண்டுகளாக 150 சதவீத இறக்குமதித் தீர்வை இருந்துவந்தது, அதற்குமேல் மாநில வரி. வெளிநாட்டிலிருந்து வருபவர் இரண்டு லிட்டர் வரை தீர்வையில்லாமல் கொண்டுவரலாம், இரண்டு பாட்டில் அடங்கும். மீனம்பாக்கத்திலிருந்து ராயபுரம் வரும் வழியில் டிக்கியில் போடாமல் ஏசி பக்கம் மடியில் வையுங்கள். வந்ததும் திறக்காமல் இரண்டு வாரம் படுக்கவிடுங்கள்.

இதை 2032-க்கு முன் திறப்பது அவசரம் என்பதே என் தீர்ப்பு. அதுவரை காக்க 13 டிகிரி தரும் ஒயின் கூலர் வேண்டும், அதிலும் கம்ப்ரசர் வகை. தெர்மோஎலெக்ட்ரிக் வகை வெளி வெப்பத்தைவிடச் சுமார் 15 டிகிரிதான் இறக்கும், அக்னி நட்சத்திரத்தில் அது உதவாது. பரண் மிக மோசமான இடம். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் இரவு முழுக்க அந்தச் சூட்டைக் கீழே விடுகிறது. கூலர் இல்லையென்றால் இந்த முதல் ஒயினை வாங்காதீர்கள். அதே பண்ணையின் இரண்டாவது ஒயினான எக்கோ து லின்ச் பாஜ் விலை குறைவு, துவர்ப்பும் இளகியது. ஒரு மணி நேரக் காற்றில் இந்த வருடமே நன்றாகக் குடிக்கலாம்.