"எங்க ஸ்டைல் வேற"னு சொல்ற டெக் டைவிங் இன்ஸ்ட்ரக்டர்கிட்ட பணம் கட்டறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

சென்னைல டெக்னிக்கல் டைவிங் கோர்ஸ் பண்ணலாம்னு யோசிச்சிட்டு இருக்கவங்க தயவுசெஞ்சு முழுசா படிங்க. எனக்கு 82,000 ரூபா போச்சு, பணம் போனா சம்பாதிச்சுக்கலாம், ஆனா அன்னைக்கு காலைல ஒரு பத்து நிமிஷம் அசந்திருந்தா இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

அஞ்சு வருஷமா டைவ் பண்றேன். சாதாரண ஸ்கூபாவுக்கு 40 மீட்டர்தான் எல்லை, அதுக்கும் கீழ போகணும்னாலோ, இல்ல மேல வர்றப்ப அங்கங்க நின்னு உடம்புல ஏறின நைட்ரஜன வெளியேத்திட்டு வர்ற டெகோ டைவ் பண்ணணும்னாலோ தனியா பயிற்சி எடுக்கணும். அதுக்குத்தான் ஈசிஆர் பக்கம் ஒருத்தர்கிட்ட சேர்ந்தேன். பேரு போடல, போட வேணாம்னு என் வக்கீல் சொல்லிட்டாரு.

இந்த டெக் டைவிங்ல ரெண்டு மூணு கட்சி இருக்குங்க, அது எனக்கு முன்னாடியே தெரியும். ஃப்ளோரிடா குகைகள்ல டைவ் பண்ணவங்ககிட்ட இருந்து வந்த ஒரு கூட்டம், 1998ல ஜியூஈனு அமைப்பாவே ஆரம்பிச்சாங்க, அவங்களுக்கு டீம்ல எல்லாரும் ஒரே மாதிரி கிட் போடணும், சுவாசிக்கிற காத்து வர்ற ஹோஸ் 2 மீட்டருக்கு மேல நீளமா இருக்கணும், பக்கத்துல இருக்கவனுக்கு காத்து தீந்துட்டா நம்ம வாய்ல இருக்குறத எடுத்து குடுக்கணும், 30 மீட்டர தாண்டினா ஹீலியம் கலந்த கேஸ்தான். இன்னொரு பக்கம், அவங்கவங்களுக்கு எது வசதியோ அப்படி போட்டுக்கலாம், 50 மீட்டர் வரைக்கும் வெறும் காத்துலயே போகலாம்னு சொல்றவங்க. ஹீலியம் விலைக்கு நம்ம ஊர்ல இது ஏன் பேச்சா வருதுன்னு எனக்கு புரியுது. ஆழத்துல நைட்ரஜன் போதை ஏறி தலை கிறுகிறுன்னு இருக்கும், அதனால நான் முதல் கட்சிதான், ஆனா ரெண்டாவது கட்சிலயும் ரொம்ப கவனமான ஆளுங்கள பாத்திருக்கேன்.

என் இன்ஸ்ட்ரக்டர் ரெண்டுலயுமே இல்ல. எதை கேட்டாலும் "எங்க ஸ்டைல் வேற"ன்னு ஒரே பதில். பூல்ல மூணு நாள்னு சொல்லிதான் பணம் வாங்கினாரு, நடந்தது ஒரே சாயங்காலம். முதுகுல ரெட்டை டேங்க் மாட்டிகிட்டு, ஒரு பக்கம் லீக் ஆனா கைய தலைக்கு பின்னாடி கொண்டு போய் அந்த வால்வ மூடணும், எனக்கு இடது பக்கம் கை எட்டவே இல்ல, விரல் நுனி மட்டும் உரசுது. சார், இன்னொரு நாள் பூல்ல பண்ணலாமான்னு கேட்டேன். "கடல்ல தானா வந்துடும், அந்த டிரில் எல்லாம் ஸ்ட்ரிக்ட் பார்ட்டிங்களுக்கு"ன்னாரு. நானும் தலைய ஆட்டிட்டேன், அங்கயே வெளிய வந்திருக்கணும்.

கடல்ல மூணாவது நாள். பிளான் என்னன்னா 42 மீட்டர் போயிட்டு மேல வர்றப்ப 21 மீட்டர்ல, தனி சிலிண்டர்ல இருக்குற 50 சதவீத ஆக்சிஜனுக்கு மாறணும். காலைல அஞ்சரை மணி, கரைல ஃபைபர் போட் ரெடியா நிக்குது, போட் அண்ணன் தண்ணி தெளிஞ்சிருக்கு சீக்கிரம் வாங்கன்னு கூப்பிடறாரு. என் சிலிண்டர்ல ஒரு பழைய மாஸ்கிங் டேப், மார்க்கர்ல 50ன்னு எழுதியிருக்கு, தேதி இல்ல, எந்த ஆழம் வரைக்கும் சுவாசிக்கலாம்னு இல்ல, டெஸ்ட் பண்ணது யாருன்னும் இல்ல. பாண்டிச்சேரில டைவ் பண்ற ஒரு அண்ணன் எனக்கு அவரோட ஆக்சிஜன் அனலைசர இரவல் குடுத்திருந்தாரு, "தம்பி, எவன் சுவாசிக்கிறானோ அவனே டெஸ்ட் பண்ணணும், அடுத்தவன் எழுதின நம்பர நம்பாத"ன்னு சொல்லி. வெளிக்காத்துல வெச்சு 20.9 காட்டுதான்னு பாத்துட்டு சிலிண்டர லேசா திறந்தேன், நம்பர் ஏறுது, 50 தாண்டுது, 60, 70, 79ல போய் நின்னுச்சு. மறுபடி பாத்தேன், 79. ப்ரெஷர் கேஜ பாத்தா 200 பார் இருக்க வேண்டியது 100 பார்தான் இருக்கு.

என்ன நடந்திருக்குன்னா, 50 சதவீதம் வேணும்னா காலி சிலிண்டர்ல முதல்ல சுமார் 73 பார் ஆக்சிஜன் ஏத்தி, மேல காத்து ஏத்தி 200க்கு கொண்டு வரணும். முந்தின நாள் ராத்திரி காத்து ஏத்தறப்ப கரண்ட் போயிடுச்சு, கம்ப்ரஷர் பாக்குற பையன் பாதில விட்டுட்டு வீட்டுக்கு போயிட்டான், டேப் மட்டும் முன்னாடியே ஒட்டியாச்சு. பாவம் அவனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல, நான் கேட்டதும் உண்மைய சொன்னதே அவன்தான்.

21 மீட்டர்ல அழுத்தம் 3.1 பார். 50 சதவீதம்னா ஆக்சிஜன் அழுத்தம் 1.55, எல்லைன்னு வெச்சிருக்கறது 1.6. 79 சதவீதம்னா 2.45 ஆகுது. அந்த அளவுல எந்த அறிகுறியும் இல்லாம வலிப்பு வரலாம், வாய்ல வெச்சு சுவாசிக்கிற ரெகுலேட்டர் கழண்டுடும், தண்ணிக்குள்ள அப்புறம் என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. அந்த சிலிண்டர 10 மீட்டருக்கு கீழ வாயில வெக்கவே கூடாது.

இன்ஸ்ட்ரக்டர்கிட்ட காட்டினேன். "டெகோவுக்கு 100 பார் தாராளம், உன் அனலைசர் ஓட்டை, நான் 15 வருஷமா பண்றேன்." எனக்கு கை நடுங்குது, நான் வரலன்னு கரைலயே உக்காந்துட்டேன், கூட இருந்த இன்னொரு பையனும் வரலன்னு போட்ல இருந்து இறங்கிட்டான். ஷெக் எக்ஸ்லினு ஒரு அமெரிக்க குகை டைவர், குகைல செத்தவங்க ஒவ்வொருத்தரும் எந்த தப்புல செத்தாங்கன்னு பிரிச்சு பாத்து 1979லயே எழுதி வெச்ச மனுஷன், அவரே 1994ல மெக்சிகோல ஒரு ஆழமான டைவ்ல இறந்துட்டாரு. அப்பேர்ப்பட்டவருக்கே அப்படின்னா, 15 வருஷம்னு சொல்றது ஒரு பதிலாங்க?

பணத்த திருப்பி கேட்டதுக்கு ரெண்டு வாரம் போன் எடுக்கல. அப்புறம் கூப்பிட்டு, மிச்ச டைவ் எல்லாம் பண்ண மாதிரி லாக்புக்ல எழுதிக்கலாம், கோர்ஸ் முடிச்சதுக்கான கார்டு குடுத்துடறேன், பிரச்சன பண்ணாதன்னாரு. இதுதாங்க எனக்கு தாங்கவே முடியல. அந்த கார்ட காட்டினா நாளைக்கு அந்தமான்ல யாராவது என்ன நம்பி அவங்க டீம்ல சேத்துப்பாங்க, கை எட்டாத வால்வோட நான் அவங்க பக்கத்துல நிப்பேன்.

பணம் கட்டறதுக்கு முன்னாடி நேர்ல போய் பாருங்க. சிலிண்டர்ல டேப் எப்படி எழுதியிருக்கு, கேஸ் டெஸ்ட் பண்ண ரிஜிஸ்டர்ல மாணவன் கையெழுத்து இருக்கா, பூல் எத்தன மணி நேரம்னு எழுத்துல குடுப்பாரான்னு கேளுங்க. நீள ஹோஸா குட்டை ஹோஸா, ஹீலியமா காத்தான்னு அவர் எந்த கட்சியா வேணா இருக்கட்டும், ஏன் அப்படின்னு கேட்டா உக்காந்து விளக்கணும். எரிச்சல் பட்டா எழுந்து வந்துடுங்க.

நுகர்வோர் ஆணையத்துல புகார் குடுக்க பேப்பர் ரெடி ஆகுது, அனலைசர் ரீடிங் போட்டோ, பணம் அனுப்பின ரசீது எல்லாம் பத்திரமா இருக்கு. இப்ப சொந்தமா ஒரு அனலைசர் வாங்கிட்டேன். இந்த சீசன்ல யாராவது இந்த மாதிரி கோர்ஸ்ல இருந்து கைல அனலைசர் இல்லன்னா மெசேஜ் போடுங்க, திருவான்மியூர்ல தான் இருக்கேன், டைவுக்கு முந்தின நாள் வந்து வாங்கிட்டு போங்க.