ஜெங் ஜி பத்தாம் எண் ஜெர்சி: சுங்கை சிப்புட் அச்சுக் கடையில் எதை வாங்கலாம், எதை விடலாம்

சீனாவின் குவாங்சோ காற்பந்துக் கிளப்பே இப்போது இல்லை. கடன் கழுத்தை நெரிக்க, 2025 ஜனவரியில் உரிமம் கிடைக்காமல் கலைந்துபோனது. அங்கே ஆடிய சீன ஆட்டக்காரர் ஜெங் ஜி போட்ட பத்தாம் எண் சிவப்பு ஜெர்சி வேண்டுமென்றால் பழசைத் தேடி அலைய வேண்டும், இல்லாவிட்டால் அச்சடித்துக்கொள்ள வேண்டும். சுங்கை சிப்புட் பசாருக்குப் பக்கத்தில், தோட்டத்துக் காற்பந்துக் குழுக்களுக்கு ஜெர்சி அடித்துத் தரும் கடையில் அவருக்கென்றே ஒரு வரிசை தொங்குகிறது: ஆரஞ்சு, சிவப்பு, பச்சை வெள்ளைப் பட்டை, மறுபடி சிவப்பு. கிளப் சின்னம், விளம்பரம் எதுவும் கிடையாது. நிறம், பெயர், எண், அவ்வளவுதான். துணி 35 வெள்ளி, பெயரும் எண்ணும் சேர்த்து 18.

வாங்க வேண்டியது கடைசிச் சிவப்பு, குவாங்சோ ஜெர்சி. 2010-இல் அவர் போய்ச் சேர்ந்தபோது குவாங்சோ, ஆட்டத்தை விலைபேசிய ஊழலில் மாட்டி இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்ட குழு. அதே ஆண்டு மேலே ஏறியது. 2011 முதல் 2017 வரை ஒன்றுவிடாமல் சீன லீக் பட்டம், 2013-லும் 2015-லும் ஆசியச் சாம்பியன்ஸ் லீக். கேப்டன் இவர்தான். 2013-இன் சிறந்த ஆசிய ஆட்டக்காரர் விருதை நம் கோலாலம்பூரில் வைத்துத்தான் வாங்கினார். பத்தாம் எண் என்றாலே கோல் அடிப்பவர் என்று நினைக்கும் பையன்கள் கவனிக்க: இவர் அந்த எண்ணைப் போட்டுக்கொண்டு தற்காப்புக்கு முன்னால் நின்று பந்தைப் பறித்துக் கொடுத்தவர்.

சிவப்புப் பாலியெஸ்டரில் வெள்ளை எண் ஒட்டுவதில்தான் வில்லங்கம். சூடு கூடினால் துணியின் சாயம் ஆவியாகி எண்ணுக்குள் ஏறிவிடும். கடையில் வாங்கும்போது எண் பளிச்சென்று இருக்கும். இரண்டு மூன்று நாளில் ரோஸ் பூத்துவிடும். துவைத்ததால் சாயம் இறங்கியது என்று வீட்டில் அம்மாவைத் திட்டுவார்கள், பாவம். இந்தக் கடையில் சாயம் தடுக்கும் சாம்பல் அடிப்பூச்சுள்ள பியூ (பாலியூரிதேன்) தாள் இருக்கிறது. அதை 135 டிகிரியில் 12 விநாடி அழுத்துகிறார்கள். ஆனால் கேட்டால்தான் போடுவார்கள், 4 வெள்ளி கூடுதல். வாய் திறக்காதவருக்குச் சாதாரணத் தாள், 155 டிகிரி. இந்த நாலு வெள்ளியில் கை வைக்காதீர்கள்.

துணியையும் சொல்லிக் கேளுங்கள். ஓட்டை ஓட்டையாக இருக்கும் வலைத்துணி வெயிலுக்குச் சுகம்தான், ஆனால் ஓட்டை இருக்கும் இடத்தில் பசைக்குப் பிடிமானம் இல்லை. எண் ஒட்டும் முதுகுப் பக்கமாவது நெருக்கமான நெசவாக இருக்கட்டும். பெரியவர்களுக்கு எண்ணின் உயரம் 25 சென்டிமீட்டர். சிறுவர் அளவுக்கும் அதே அச்சைப் போட்டுவிடுகிறார்கள், எண்ணின் அடிப்பாகம் கால்சட்டைக்குள் போய்விடுகிறது. 20 போதும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

பெயரில் எட்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஓர் இடைவெளி. இரண்டு இசட்டுக்குப் பின்னாலும் எச் வர வேண்டும். அதை விழுங்கிவிடுவது வழக்கமான தப்பு. குடும்பப் பெயர் மட்டும் போதும் என்று ஜெங்கோடு நிறுத்தினால், குவாங்சோவிலேயே ஆடிய ஜெங் லாங் என்றும் படிக்கலாம். தாளில் எழுதிக் கொடுங்கள், போனில் சொல்ல வேண்டாம். இசட்டின் கூர்முனைகளில் பசைப் பரப்பு கொஞ்சம்தான் என்பதால் முதலில் கிளம்புவது அங்கேதான். இங்கே வெட்டும்போதே முனையை அரை மில்லிமீட்டர் வளைத்துவிடுகிறார்கள். கடையின் கைநேர்த்தி அதில் தெரிகிறது.

பச்சை வெள்ளைப் பட்டையை விட்டுவிடுங்கள். அது ஸ்காட்லாந்தின் செல்டிக் குழு, அங்கே அவர் ஆடியது 2009-10 என்ற ஒரே பருவம்தான். பட்டைமேல் எண் போட்டால் படிக்க முடியாது. செல்டிக்கே 1994 வரை உள்நாட்டு ஆட்டங்களில் சட்டை முதுகில் எண் இல்லாமல்தான் ஆடியது. இங்கே வெள்ளை எண் போட்டிருக்கிறார்கள், பாதி எண் வெள்ளைப் பட்டையில் கரைந்துவிடுகிறது. போதாததற்கு அந்தப் பச்சை, வெள்ளைத் துணியில் சூட்டால் ஏற்றிய சாயம். மறுபடி சூடு பட்டால் அது எண்ணுக்குள் எகிறும், சிவப்பைவிட மோசம்.

முதல் சிவப்பு இங்கிலாந்தின் சார்ல்டன் குழு. 2007 ஜனவரியில் சீனாவின் ஷாண்டோங் குழுவிலிருந்து இரவலாகப் போனார், அந்தப் பருவமே குழு பிரிமியர் லீக்கிலிருந்து இறங்கியது. ஆனாலும் 2009 வரை அங்கேயே ஆடினார். குவாங்சோ ஜெர்சிக்குச் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும். ஷாண்டோங் 2006-இல் லீக், கிண்ணம் இரண்டையும் வென்ற ஆரஞ்சு, இங்கே தே தாரேக் நிறத்தில் தொங்குகிறது. வேண்டாம். 2004-இல் சீன சூப்பர் லீக்கின் முதல் கிண்ணத்தை அவர் வென்ற ஷென்சென் ஜெர்சி வரிசையிலேயே இல்லை, அது ஒரு குறை.

ஒட்டிய ஒரு நாளுக்குத் தண்ணீர் படக்கூடாது. பிறகு உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். திடலின் செம்மண் கறைக்குக் குளோராக்ஸ் ஊற்றவோ, எண்மேல் தூரிகை போடவோ கூடாது.

தீபாவளிக்கு முன் தோட்டக் குழுக்களின் ஆர்டர் குவிந்துவிடும், மூன்று நாள் வேலை இரண்டு வாரமாகும். வாங்கும்போது கல்லாவுக்கு முன்னாலேயே இசட் முனையை நகத்தால் சுண்டிப் பாருங்கள். கிளம்பினால் அங்கேயே ஐந்து விநாடி அழுத்தித் தருவார்கள், காசு கேட்பதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்பி வந்தால் கேட்பார்கள்.