கும்பகோணம் புறவழிச்சாலை டிங்கரிங் பட்டறை: ஒடுக்கு எடுப்பதற்கு முன்பு உரசியவர் யார் என்று பார்க்கிறவர்கள்

கும்பகோணம் புறவழிச்சாலையில் செட்டிமண்டபம் பக்கம் இருக்கும் இந்த டிங்கரிங் பட்டறையைப் பற்றி எழுதியிருப்பவர்கள் பெரும்பாலும் பெயிண்ட் நிறம் பொருந்தியது, சொன்ன தேதிக்கு வண்டி கிடைக்கவில்லை, காத்திருந்தபோது டீ வாங்கித் தந்தார்கள் என்ற அளவில் நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள். அவை எல்லாமே உண்மைதான். ஆனால் நான் நான்கு நட்சத்திரம் கொடுப்பதற்குக் காரணம் வேறு. ஓரமாக நிறுத்தி வைத்த காரை யாரோ உரசிவிட்டுப் போய்விட்டால், அந்தக் காயத்தைச் செய்தது எந்த மாதிரி வண்டியாக இருக்கும், எதுவாக இருக்க முடியாது என்பதைக் காயத்திலிருந்தே படித்துச் சொல்லி, அளவுகளோடு தாளிலும் எழுதித் தருகிறார் இங்குள்ள மேஸ்திரி. நான் பார்த்த மற்ற பட்டறைகளில் வண்டி உள்ளே நுழையும்போதே உப்புத்தாள் கையில் ஏறிவிடுகிறது. தேய்த்த பிறகு யார் மேல் குற்றம் சொல்ல முடியும்?

எங்கள் வண்டிக்கு அடி பட்டது திருபுவனம் கடைவீதியில். தை மாதம், சம்பா அறுவடை மும்முரமாக நடக்கும் நேரம். மயிலாடுதுறை சாலையில் பேருந்துகளுக்கு இடையில் நெல் ஏற்றிய டிராக்டர்களும் வைக்கோல் வண்டிகளும் போய்க்கொண்டே இருந்தன. இடது ஓரத்தில், வெள்ளைக் கோட்டுக்கு வெளியே காரை நிறுத்திவிட்டுக் கல்யாணப் புடவை எடுக்கப் போயிருந்தோம். திரும்பி வந்தபோது பின் பம்பரின் வலது முனையில் தொடங்கி வலது பின் கதவு வரைக்கும் நீளமாகக் கிழித்திருந்தது. காருக்கு முன்னால், நாங்கள் போன பிறகு வந்து நின்ற ஒரு டிராக்டர், பின்னால் மூட்டைகள் அடுக்கிய டிரெய்லருடன் நின்றது. கூட்டம் கூடியதும் எல்லோரும் அதைத்தான் கைகாட்டினார்கள். ஓட்டி வந்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. "நான் ஒதுங்கித்தாண்ணே வந்தேன், ஒண்ணும் படல" என்று அவன் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. என் மாமா அங்கேயே தொகை பேசி முடித்துவிடத் தயாராக இருந்தார். அந்த நேரத்தில் உறவினர் ஒருவர் இந்த மேஸ்திரிக்குப் போன் போட்டார். அவர் கேட்ட முதல் மூன்று விஷயங்களும் பணத்தைப் பற்றியவை அல்ல: துணியால் துடைத்தீர்களா, வண்டியை நகர்த்தினீர்களா, டயருக்கும் சாலை ஓரக் கோட்டுக்கும் உள்ள இடைவெளி தெரிகிற மாதிரி படம் எடுத்தீர்களா. துடைக்காமல், நான்கு பக்கமும் படம் எடுத்து, டிராக்டரையும் டிரெய்லரையும் பக்கவாட்டில் தனியாகப் படம் எடுத்துக்கொண்டு, பையனின் எண்ணையும் குறித்துக்கொண்டு வரச் சொன்னார்.

பட்டறையில் அவர் செய்ததை விரிவாகவே சொல்ல வேண்டும். காரைச் சமதளமான சிமெண்டுத் தரையில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டு, தரையிலிருந்து கீறலின் உயரத்தை டேப்பால் அளந்தார். தொடங்கும் இடத்தில் 68 செ.மீ., முடியும் இடத்தில் 69 செ.மீ. ஏறத்தாழ ஒரே மட்டத்தில் ஓடிய இரண்டு கோடுகள், இரண்டுக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி. டிராக்டரின் பெரிய சக்கரமோ டிரெய்லரின் சக்கரமோ உரசியிருந்தால் கோடு நேராக ஓடாது, வளைவு வளைவாகக் கறுப்பு ரப்பர்த் தடம் விழும் என்றார். டிரெய்லரின் தட்டு இடுப்புக்கு மேலே இருப்பது. அது உரசினால் கண்ணாடிப் பக்கம்தான் அடி விழுந்திருக்கும், பம்பர் முனையில் விழாது. பையனின் டிரெய்லர் படத்தை எடுத்துப் பார்த்து, மூட்டை அடுக்கியிருந்த தட்டின் உயரத்தைப் பக்கத்தில் நின்ற ஆளின் உயரத்தோடு ஒப்பிட்டுக் காட்டினார்.

அடுத்து திசை. உரசல் எந்தப் பக்கம் நோக்கிப் போனதோ அந்த முனையில்தான் பெயிண்ட் துருவல் சுருண்டு குவியும். எங்கள் காரில் அது கதவுப் பக்கம், அதாவது முன்பக்கம் குவிந்திருந்தது. ஆகவே உரசிய வண்டி பின்னாலிருந்து வந்து, கார் பார்த்து நின்ற அதே திசையில், அதாவது மயிலாடுதுறை நோக்கிப் போயிருக்க வேண்டும். உரசியது அதன் இடது பக்கம். இதுவரை சொன்னது கவனமுள்ள எவரும் சொல்லக்கூடியதுதான். அதன் பிறகு அவர் செலோடேப் ஒன்றைக் கிழித்து, பம்பரும் உடலும் சேரும் இடுக்கில் ஒட்டி எடுத்து, அதை வெள்ளைத் தாளில் ஒட்டி, லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொன்னார். கருநீலத் துருவல்களுக்கு நடுவில் நெல் உமி அளவில் ஒரு மஞ்சள் துணுக்கு இருந்தது. வெளிச்சத்தைத் திருப்பினால் அது மின்னியது. அதற்குள் தேன்கூடு போன்ற கட்டங்கள் தெரிந்தன. பெயிண்ட் அல்ல, ஒளி திருப்பும் ஸ்டிக்கர். சரக்கு வண்டிகளுக்கு முன்புறம் வெள்ளை, பின்புறம் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள் என்று ஒட்டுவது விதி. மஞ்சள் என்பதால் பக்கவாட்டு உரசல் என்ற முடிவும் இதனோடு பொருந்தியது. "குட்டி யானை சார். பக்கப் பலகையோட கொக்கி. ரெண்டு கோடும் அதான்" என்றார். டாடா ஏஸ் மாதிரியான சின்ன லோடு வண்டியைத்தான் குட்டி யானை என்பார்கள்.

பையனுக்கு மாமாவே போன் செய்து விஷயத்தைச் சொன்னார். என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியாது.

மேஸ்திரி எழுதித் தரும் குறிப்பு ஒரு பக்கத்துக்கு மேல் போவதில்லை. வண்டி எண், பார்த்த தேதி, உயரங்கள், நீளம், திசை, ஒட்டி எடுத்த துணுக்கு, பிறகு தனியாக ஒரு வரி: "இடது பின் கதவில் உள்ள ஒடுக்கு பழையது, இதற்குச் சம்பந்தமில்லை." அந்தப் பழைய ஒடுக்கையும் எஸ்டிமேட்டில் சேர்த்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டாம்; இவர் மறுத்துவிடுகிறார். எதிராளி எப்போதும் முதலில் சொல்வது "அது பழைய கோடு" என்பதால், இந்த ஒரு வரிதான் மீதமுள்ள வரிகளுக்கு மதிப்பைக் கொடுக்கிறது என்பது என் கருத்து. தகடு வெளியே தெரிந்த இடத்தில் துரு ஏறவில்லை, கீறலுக்குள் புழுதி படியவில்லை என்பதையும் எழுதியிருந்தார். ஆற்றோரப் பனியில் நம் ஊரில் திறந்த தகடு பளபளப்பாக நீண்ட நாள் இருப்பதில்லை. குறிப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். வேலையை அங்கேயே கொடுத்தால் பில்லில் கழித்துக்கொள்கிறார்.

கேமரா விஷயத்திலும் அவர் யோசனை பயன்பட்டது. கடைவீதியில் எதிர்க்கடைக் கேமராவில் எங்கள் கார் பாதிதான் தெரிந்தது. உரசும் கணத்தில் நடுவில் ஒரு பேருந்து மறைத்துவிட்டது. அந்தப் பதிவு மட்டும் இருந்திருந்தால் எதையும் நிரூபித்திருக்க முடியாது. ஆனால் தாழ்வான லோடு வண்டி, மயிலாடுதுறை நோக்கிப் போவது என்று தேட வேண்டியது சுருங்கியிருந்ததால், சவுக்குக் கழிகளும் தார்ப்பாயும் ஏற்றிய ஒரு குட்டி யானை பேருந்துக்குப் பின்னால் நுழைவதும், பிரேக் விளக்கு எரிவதும், பிறகு வெளியே வருவதும் கண்ணில் பட்டன. எண் தெளிவாக இல்லை. கழிகளை வைத்துப் பந்தல்காரர் என்று புரிந்தது. இந்த மாதிரிப் பதிவுகளைப் பற்றி மேஸ்திரி எல்லோருக்கும் சொல்வது இரண்டு. பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும் என்பதால் உடனே கேட்க வேண்டும். கேமராவின் கடிகாரத்தை உங்கள் போன் நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை எழுதி வைக்க வேண்டும். நான் சேர்க்க விரும்புவது ஒன்று: திரையைப் போனில் படம் பிடிப்பதோடு நிற்காமல், கேமராவின் பதிவுப் பெட்டியிலிருந்தே பென் டிரைவில் நகல் வாங்குங்கள். 1 ஜூலை 2024 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63 ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது ஹாஷ் மதிப்புடன் (பதிவு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு) சான்றிதழ் தேவை. அதன் ஒரு பகுதியை நிபுணர் ஒருவர் நிரப்ப வேண்டும். கடைக்காரரின் நல்லெண்ணத்தை நம்பி அதைப் பிறகு தேடுவது கடினம்.

தேடிப் பிடித்துக் கேட்டபோது பந்தல்காரர் முதலில் பழைய கோடு என்றார், பிறகு கார் சாலையை மறித்து நின்றது என்றார். ஆபத்தான நிலையில் வண்டியை விட்டுச் செல்வதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 122 ஆம் பிரிவு தடுக்கிறது என்பதால் இரண்டாவது வாதத்தைத் தள்ளிவிட முடியாது. டயருக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளியைப் படம் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். காவல் நிலையத்தில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருந்தோம். அதே சட்டத்தின் 134 ஆம் பிரிவில், பிறர் சொத்துக்குச் சேதம் விளைவித்த ஓட்டுநர் காவல்துறைக்குத் தகவல் தர வேண்டிய கடமை இருப்பதையும் அங்கே எடுத்துச் சொன்னார்கள். கடைசியில் குட்டி யானையைப் பட்டறைக்கே கொண்டு வந்து காருக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். கொக்கியின் உயரத்தை மேஸ்திரி அளக்கவில்லை. டேப்பைப் பந்தல்காரரின் கையிலேயே கொடுத்துவிட்டார். கொக்கிக்கு மேலே மஞ்சள் ஸ்டிக்கரில் ஒரு முனை பிய்ந்திருந்தது. கழிகள் ஆடிய சத்தத்தில் ஓட்டுநருக்குக் கேட்கவில்லை என்று அவர் சொன்னதை நான் நம்புகிறேன். பழுது பார்க்கும் செலவை அவர் கொடுத்தார், சமரசக் கடிதம் எழுதிக்கொண்டோம்.

இவ்வளவு சிரமம் எதற்கு, இன்சூரன்ஸில் கேட்கலாமே என்பார்கள். சொந்தச் சேதத்துக்கான பாலிசி இருந்தால் இடித்தவர் யாரென்று தெரியாமலே கேட்கலாம்தான். ஆனால் 1500 சிசி வரையிலான கார்களுக்கு 1000 ரூபாய் கட்டாயமாக நம் கையிலிருந்து போகும்; தேய்மானமில்லா பாலிசி எடுக்கவில்லை என்றால் பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும்; ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் சேர்த்த 50 சதவீதத் தள்ளுபடியும் போய்விடும். சிறிய உரசலுக்கு இந்தக் கணக்கு கட்டுப்படியாகாது. இடித்த வண்டியின் மூன்றாம் நபர் காப்பீட்டில் கேட்பது இன்னொரு வழி. அதற்கு விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். எந்த வண்டி என்று தெரியாமல் அந்த மனுவை எழுதவே முடியாது.

மண்டபத்திலோ ஹோட்டலிலோ அடிபட்ட வண்டி வந்தால் மேஸ்திரி முதலில் கேட்பது, சாவி யாரிடம் இருந்தது என்பதைத்தான். சட்டம் படித்தவர் அல்ல, ஆனால் கேள்வி சரியானது. டெல்லி தாஜ்மஹால் ஹோட்டலில் 1998-ல் திருடு போன மாருதி ஜென் வழக்கில், சாவியை வாங்கிக்கொண்டு ஆள் வைத்து வண்டியை நிறுத்திய இடத்தில் கவனமாகப் பார்த்துக்கொண்டோம் என்று காட்ட வேண்டியது ஹோட்டலின் பொறுப்பு என்றும், சீட்டில் 'உரிமையாளர் பொறுப்பு' என்று அச்சிட்டுவிட்டுத் தன் அலட்சியத்திலிருந்து தப்ப முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் 2019-ல் சொன்னது. சாவி நம் பாக்கெட்டிலேயே இருக்கிற கட்டண நிறுத்தங்களுக்கு இது அப்படியே பொருந்தாது. எப்படியும் சீட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.

இனி குறைகள். குறிப்பு கையெழுத்தில்தான் கிடைக்கிறது. கேட்டால்தான் முத்திரை வைக்கிறார்கள், கேளுங்கள். இது காப்பீட்டு சர்வேயரின் அறிக்கைக்கு ஈடாகாது. சமரசத்தில் உதவிய அளவுக்கு வழக்கில் உதவுமா என்பது வேறு. மேஸ்திரி இல்லாத நாளில் போனால் பையன்கள் வழக்கமான வேலையை மட்டும்தான் செய்வார்கள், ஆகவே போன் செய்துவிட்டுப் போவது நல்லது. பெயிண்ட் வேலை சுமார் ரகம்: கதவில் நிறம் சரியாக விழுந்திருக்கிறது, பம்பர் முனையில் சாயங்கால வெயிலில் ஒரு சாயல் வித்தியாசம் தெரிகிறது. சொன்ன தேதி தள்ளிப் போனது எனக்கும் நடந்தது. முக்கியமாக, கழற்றிய பம்பரை இவர்கள் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடுவார்கள். பணம் கைக்கு வரும் வரை, அல்லது சர்வேயர் பார்க்கும் வரை, அதை எடுத்து வைக்கும்படி வண்டியை விடும்போதே சொல்லி, எஸ்டிமேட் தாளிலும் எழுத வைத்துவிடுங்கள்.