குடுவையும் கையேடும்: பழைய டாஸ் ஆட்டங்களோடு சில வருடங்கள்

இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தின் டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய கணினி இயங்குதளம்) ஆட்டத் தொகுப்புக்குள் நான் போய்வர ஆரம்பித்து ஏழெட்டு வருடம் இருக்கும். 2015 ஜனவரியில் சுமார் 2,400 ஆட்டங்களோடு அதைத் திறந்தார்கள். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். பழைய கணினி மாதிரி நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் பிரவுசருக்குள்ளேயே ஓடுகிறது.

நான் போனது பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவுக்காக. கம்ப்யூட்டர் சென்டரில் சார் டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்து ஆடியது. ஆரம்பக் கட்டம் தாண்டியதும் ஓர் அறை வரும். வரிசையாக மருந்துக் குடுவைகள், மேலே எழுத்துகள். கையேட்டில் இந்தப் பக்கம், இந்த வரி, இந்தச் சொல்லின் முதலெழுத்து எதுவோ அந்தக் குடுவையைக் குடி என்று கேட்கும். திருட்டு நகலுக்குப் போட்ட பூட்டு அது. எங்களிடம் இருந்ததே நகலெடுத்த பிளாப்பி, கையேட்டை யார் கண்டது? குருட்டாம்போக்கில் ஒன்றைக் குடிப்போம்.

இப்போது ஸ்கேன் செய்த கையேட்டைப் பிரவுசரின் பக்கத்து டேபில் திறந்து, திரையில் விரல் வைத்து வரி எண்ணி, சரியான குடுவையைக் குடித்தேன். அந்தக் கையேட்டை யாரும் எடுத்து வைக்காமல் போயிருந்தால் ஆட்டம் இருந்தும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

நீளமான ஆட்டங்களுக்கு இப்படிப் பிரவுசரில் ஆடுவது சரிப்படாது. ஒருநாள் சிவிலைசேஷனில் இரவு இரண்டு மணிவரை நகரம் நகரமாகக் கட்டி, சேவ் செய்துவிட்டுப் படுத்தேன். காலையில் ஒரு நகரமும் இல்லை. சேவ் ஆனது டேபின் நினைவகத்தில். டேபை மூடியது நான். அப்புறம் அப்படிப்பட்டவற்றுக்குச் சொந்தக் கணினியிலேயே டாஸ்பாக்ஸ் போட்டுக்கொண்டேன். ஆட்டம் தலைதெறிக்க ஓடினால் கண்ட்ரோலோடு எஃப்11 அழுத்தி வேகத்தைக் குறைக்கலாம்.

அமெரிக்காவில் 2010க்கு முன் வந்த ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று 2023இல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் கணக்குச் சொன்னது. பிரின்ஸை எழுதிய ஜோர்டன் மெக்னரிடமே அதன் மூல நிரல் (ஆட்டத்தை உருவாக்க எழுதிய நிரல் வரிகள்) வெகுநாள் கையில் இல்லை. 2012இல் அவருடைய அப்பா வீட்டில் ஒரு பெட்டியிலிருந்து பழைய டிஸ்குகளைக் கண்டெடுத்த பிறகுதான் கிடைத்தது.

பிரின்ஸுக்கு சேவ் தேவையில்லை, இளவரசியை மீட்க ஆட்டம் தருவது மொத்தமே 60 நிமிடம். அவளை மட்டும் இன்னும் மீட்கவில்லை. ஆறாம் கட்டத்துத் தொப்பைக் காவலனிடமே பத்து நிமிடம் போய்விடுகிறது.